கியாந்தித் திராட்சை மலைகளில் இருவராகச் சைக்கிளில்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து தெற்கே சியெனா வரை செல்லும் எஸ்.ஆர். 222 என்ற சாலையைக் ‘கியாந்திஜானா’ என்று அழைக்கிறார்கள். கியாந்தி என்ற ஒயின் விளையும் மலைப்பகுதியை ஊடறுத்துச் செல்லும் அந்தச் சாலையின் நீளம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். சமவெளியில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது ஒரு பகல் வேலையாகத் தோன்றும். ஆனால் அந்த நிலத்தில் கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடக் கூடாது. ஒரு நாளில் மொத்தம் எத்தனை மீட்டர் மேடு ஏற வேண்டும் என்பதை வைத்தே போட வேண்டும். செப்டம்பர் மாதத்தில் நானும் என் கணவரும் ஃபுளோரன்ஸில் தொடங்கி, கியாந்தி மலைகளையும் சியெனாவையும் கடந்து மொந்தேபுல்ச்சானோ வரை சென்றுவந்த பயணத்தில் நாங்கள் எடுத்த முடிவுகள் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வந்தவைதான். ஐம்பதைத் தாண்டிய, பந்தய வேகம் இல்லாத எங்களைப் போன்ற தம்பதியருக்குப் பயன்படும் என்பதால் அவற்றை எழுதுகிறேன்.

கியாந்தியின் ஊர்கள் பெரும்பாலும் குன்றின் உச்சியிலோ முகட்டிலோ இருக்கின்றன. ஃபுளோரன்ஸும் சியெனாவும் பல நூற்றாண்டுகள் போரிட்டுக்கொண்ட எல்லை அது. கோட்டை கட்டிக் காவல் காக்க உயரமான இடம் தேவைப்பட்டது. கிரெவே ஊர் ஆற்றங்கரையில் 236 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ள பன்சானோ ஏறத்தாழ 500 மீட்டரில் இருக்கிறது. அதற்கடுத்த கஸ்தெல்லினா 578 மீட்டர். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை நேராகப் போகாது. பள்ளத்தாக்கில் முழுவதுமாக இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபடி முழுவதுமாக ஏறும். காலையில் ஏறிச் சேர்த்த உயரத்தை நண்பகலுக்குள் இரண்டு முறை இழந்துவிட்டு மீண்டும் ஏறுவோம். ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டருக்குள் என்று வரையறுத்துக்கொண்டோம். இதற்கு மேல் போனால் மாலையில் ஊரைப் பார்க்கவோ, தோட்டத்துக்காரர்களிடம் நின்று பேசவோ உடலில் தெம்பு இருக்காது. வெறுமனே மிதித்துவிட்டுத் தூங்குவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

அடுத்தது, இருவருக்கிடையே இருக்கும் வேக வேறுபாடு. என் கணவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததால் அவர் பேட்டரி சைக்கிளிலும் நான் சாதாரண சைக்கிளிலும் செல்வதென்று ஊரிலேயே முடிவு செய்துவிட்டோம். பேட்டரி சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோக முடியாது. 160 வாட்-மணிக்கு (பேட்டரியில் அடங்கும் ஆற்றலின் அளவு அது) மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், இந்த வகைச் சைக்கிள்களின் பேட்டரியோ பெரும்பாலும் 400, 500 வாட்-மணி. ஆகவே இரண்டையும் ஃபுளோரன்ஸிலேயே வாடகைக்கு எடுத்தோம். பேட்டரி சைக்கிளில் செல்பவர் முன்னால் போய் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் காத்திருக்க, மற்றவர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்து சேர்வது இருவருக்குமே சலிப்பூட்டும். அதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு: இருவரின் பைகளையும் பேட்டரி சைக்கிளின் கேரியரிலேயே கட்டிவிடுவது. என் சைக்கிளில் தண்ணீர் பாட்டிலும் மழைச்சட்டையும் மட்டுமே இருந்தன. அவர் மோட்டாரை மிகக் குறைந்த நிலையில் வைத்துக்கொண்டு ஓட்டினார். இதனால் ஏற்றங்களில் இருவரும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு வந்துவிட்டோம்.

பேட்டரி தாங்குமா என்ற கவலைக்கும் கணக்கில்தான் பதில் இருக்கிறது. ஆளும் சைக்கிளும் பைகளும் சேர்ந்து 115 கிலோ என்றால், அதை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டுமே ஏறத்தாழ 310 வாட்-மணி ஆற்றல் வேண்டும். அதில் ஒரு பகுதியைக் காலும் தருகிறது. உராய்விலும் மோட்டாரின் சூட்டிலும் வீணாவது வேறு. ஆகவே 500 வாட்-மணி பேட்டரியில், குறைந்த உதவி நிலையில், எங்கள் நாளொன்றுக்கான 900 மீட்டரை ஏறி முடித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதே பேட்டரியை அதிக உதவி நிலையில் வைத்து ஓட்டினால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பேட்டரி தீர்ந்த 25 கிலோ சைக்கிளைப் பைகளோடு மேட்டில் தள்ளுவது எப்படிப்பட்ட வேலை என்று சொல்லத் தேவையில்லை. அறையில் இரவு சார்ஜ் போட அனுமதி உண்டா, சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் உண்டா என்ற இரண்டையும் முன்பதிவின்போதே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

சாதாரண சைக்கிளை எடுப்பவர்கள் அதன் நிறத்தையோ நிறுவனத்தையோ பார்ப்பதற்கு முன்னால் பற்சக்கரங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். என்னுடையதில் முன்னால் இருந்த சிறிய சக்கரத்தில் 30 பற்கள், பின்னால் இருந்த பெரிய சக்கரத்தில் 34 பற்கள். அதாவது பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே சுழலும். வேகம் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும், ஆனால் இறங்கித் தள்ளாமல் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். பந்தயச் சைக்கிளுக்குரிய கியரோடு வாடகைக்குத் தருபவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவை நம் போன்றோருக்கு ஏற்றவை அல்ல. டயரின் அகலம் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. எங்களுக்குத் தரப்பட்ட ஒரு சைக்கிளின் பிரேக் கட்டைகள் தேய்ந்து போயிருந்தன. கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததால் தெரிந்தது, உடனே மாற்றித் தந்தார்கள். நாள் முழுவதும் இறக்கங்களில் பிரேக்கை நம்பியே வர வேண்டிய நிலத்தில் இந்தச் சோதனையைக் கூச்சப்படாமல் செய்ய வேண்டும். சீட் மட்டும் எங்களுடையதையே ஊரிலிருந்து எடுத்துப் போயிருந்தோம். பழகிய சீட்டுக்கு ஈடு கிடையாது.

கியாந்தி கிளாசிக்கோ ஒயின் பாட்டில்களில் ஒரு கருஞ்சேவல் முத்திரை இருக்கும். அதற்கு ஒரு பழங்கதை சொல்கிறார்கள். எல்லைத் தகராறைத் தீர்க்க ஃபுளோரன்ஸும் சியெனாவும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தனவாம்: சேவல் கூவியதும் இரு நகரங்களிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் புறப்பட வேண்டும், இருவரும் சந்திக்கும் இடமே எல்லை. சியெனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டு வளர்த்தார்கள். ஃபுளோரன்ஸ்காரர்களோ கருஞ்சேவலைப் பட்டினி போட்டார்கள். அது பசி தாங்காமல் விடிவதற்கு நெடுநேரம் முன்பே கூவியது. அவர்களின் வீரன் முந்திப் புறப்பட்டு, கியாந்தியின் பெரும்பகுதியைத் தன் நகருக்குச் சேர்த்துவிட்டான். கதை உண்மையோ பொய்யோ, சைக்கிளில் போகிறவர்களுக்கு அது சரியான ஆலோசனை. செப்டம்பரிலும் பிற்பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் 35 பாகையை எட்டுவது சாதாரணம். காலை ஏழரைக்குள் கிளம்பிவிட்டால் பெரிய ஏற்றத்தைப் பதினொரு மணிக்குள் முடித்துவிடலாம். எஸ்.ஆர். 222-இல் வார இறுதிகளில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாகச் சீறிக்கொண்டு வரும் என்பதால், அந்தச் சாலைக்கு வார நாள்களின் காலை நேரத்தையே ஒதுக்கினோம். ஊர் எல்லைக்கு வெளியே இருவர் இணையாக ஓட்டுவதை அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஒருவர் பின் ஒருவராகத்தான் செல்ல வேண்டும். பொழுது சாய்ந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு ஊருக்கு வெளியே ஒளி பிரதிபலிக்கும் மேலாடை கட்டாயம்.

தார் போடாத வெள்ளைச் சாலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் கல் பொடியால் ஆன இந்தச் சாலைகள் வெயிலில் கண் கூசும் வெண்மையாக இருக்கும். இவற்றுக்கெல்லாம் தார் போட்டுவிடும் நிலை வந்தபோது, இவற்றைக் காப்பாற்றும் நோக்கோடு 1997-இல் காயோலே என்ற சிற்றூரில் ‘லெரோய்கா’ என்ற சைக்கிள் விழா தொடங்கப்பட்டது. 1987-க்கு முந்தைய பழைய சைக்கிள்களில், அந்தக் காலத்துக் கம்பளிச் சட்டை அணிந்து ஓட்ட வேண்டும் என்பது அதன் விதி. அது இன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது, சாலைகளும் பிழைத்துக்கொண்டன. அந்த விழாவின் 209 கிலோமீட்டர் பாதை நெடுகிலும் நிரந்தரமான பழுப்புநிறப் பலகைகள் நட்டிருப்பதால், ஆண்டின் எந்த நாளிலும் அவற்றைப் பார்த்தபடியே யாரும் போகலாம். காயோலேயிலிருந்து ப்ரோலியோ கோட்டைக்குச் சைப்ரஸ் மரங்களுக்கிடையே ஏறும் வெள்ளைச் சாலை எங்கள் பயணத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. 1141 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் அந்தக் கோட்டையில் வாழ்ந்த பெத்தினோ ரிக்கசோலிதான், இத்தாலியின் இரண்டாவது பிரதமராக இருந்தவர்; கியாந்தி ஒயினில் சாஞ்சொவேசே திராட்சையே முதன்மையாக இருக்க வேண்டும் என்று 1872-இல் எழுதி வைத்தவரும் அவரே.

வெள்ளைச் சாலையில் ஓட்டுவதற்குச் சில பழக்கங்கள் தேவை. டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் அதிர்வு குறைகிறது. கார்ச் சக்கரங்கள் ஓடி இறுகிய இரு தடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவிலும் வளைவுகளின் ஓரத்திலும் பொடிக்கல் குவிந்து கிடக்கும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடிப்பு இழந்து வெறுமனே சுழலும் என்பதால் உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். இருவர் செல்லும்போது முன்னவரின் புழுதி பின்னவரின் வாயில் படியாத அளவுக்கு இடைவெளி வேண்டும். சியெனாவுக்குத் தெற்கே உள்ள களிமண் குன்றுகளில் மழை பெய்த மறுநாள் இந்தச் சாலைகளைத் தவிர்த்துவிடுவது நல்லது. அந்தச் சேறு டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுழல விடாது.

இவ்வளவு தூரம் போனதற்கு உண்மையான காரணம் திராட்சைதான். என் கணவரின் சொந்த ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. அவர் குடும்பத்தில் பன்னீர்த் திராட்சைப் பந்தல் உண்டு. தலைக்கு மேல் படர்ந்து நிழல் தரும் கொடியையும், ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடையையும் பார்த்து வளர்ந்தவருக்கு, இடுப்புயரக் கம்பி வேலிபோல வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டு, குளிர்காலம் முழுவதும் மொட்டைக் கட்டையாக உறங்கி, ஆண்டுக்கு ஒரே ஒரு முறை காய்க்கும் கொடிகள் வேறு பயிர் போலவே தெரிந்தன. கியாந்தி கிளாசிக்கோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் எக்டேருக்கு ஏழரை டன்னுக்கு மேல் விளைச்சல் எடுக்கக் கூடாது. ஒயினில் குறைந்தது 80 விழுக்காடு சாஞ்சொவேசேயாக இருக்க வேண்டும். பந்தல் தோட்டத்தில் அதைவிடப் பன்மடங்கு விளைச்சல் எடுப்பவருக்கு, நன்றாக இருக்கும் குலைகளையே கோடையில் வெட்டித் தரையில் போட்டுவிடுகிறார்கள் என்பது முதலில் மனத்துக்கு ஒப்பவில்லை. எஞ்சிய குலைகளில் சாறு செறிவாகட்டும் என்பதற்காகச் செய்வது அது.

கியாந்தியின் ராட்டா என்ற ஊருக்கு அருகே ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையோரம் நிறுத்திவிட்டு நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, தலையில் துணி கட்டிய ஒரு முதிய பெண்மணி இரண்டு குலைகளை நறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். பழங்கள் நம் பன்னீர்த் திராட்சையைவிடச் சிறியவை, தோல் தடிப்பு, முதலில் நல்ல இனிப்பு, உடனே நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. என் கணவர் விதையைத் துப்பப் போனார். அந்த அம்மாள் கையை நீட்டித் தடுத்து, ஒரு விதையைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு, பல்லால் கடித்தார். ‘படக்’கென்று உடைந்தது. விதை பச்சையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது, பழுப்பேறி இப்படி உடைந்தால் அறுக்கலாம் என்பதைச் சைகையாலேயே விளக்கினார். இவரும் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு இருவரும் ஆளுக்கொரு கொடியைக் காட்டி, எந்தக் கணுவில் கவாத்து செய்வது என்று விரலால் வெட்டிக் காட்டியபடி வெகுநேரம் நின்றார்கள். எங்கள் திட்டத்தில் அந்த நாளுக்குச் சிறிய தூரமே இருந்ததால் கிளம்பலாம் என்று அவரை அவசரப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஒயின் சுவைப்பதற்கு முன்கூட்டியே நேரம் பெற்றுக்கொள்ள வேண்டும். அறுவடைக் காலத்தில் திடீரென்று போய்க் கதவைத் தட்டினால் அவர்களுக்கு இடைஞ்சல். சுவைத்துவிட்டுத் துப்புவதற்கென்றே மேசையில் ஒரு கலயம் வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்துவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இத்தாலியில் ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்ற சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும். சட்டம் கிடக்கட்டும், பொடிக்கல் இறக்கத்தில் அரைக் குவளை ஒயினுக்கும் இடமில்லை. ஆகவே தோட்டங்களுக்குச் செல்வதை அன்றைய ஓட்டம் முடிந்த மாலைக்கே வைத்துக்கொண்டோம். மது அருந்தாதவர்களும் தயங்காமல் போகலாம். மண்ணையும் பீப்பாய்களையும் காட்டி விளக்குவதில் அவர்களுக்குள்ள ஆர்வம் அப்படி. ஒரு பாட்டில் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ எடை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வாங்குவதென்றால் கடைசி ஊரில் வாங்குவதே சரி.

தங்குவதற்குப் பண்ணை வீடுகளையே தேர்ந்தெடுத்தோம். ‘அக்ரிதூரிஸ்மோ’ என்று பெயர்ப்பலகை இருக்கும். பலவும் முகட்டுச் சாலையிலிருந்து வெள்ளைச் சாலை வழியே நன்றாகக் கீழே இறங்கிய இடத்தில் இருப்பவை. இரவு உணவுக்காக மறுபடி ஊருக்கு ஏற வேண்டியிருக்கும் என்பதால், அங்கேயே சமைத்துத் தருவார்களா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். நண்பகல் உணவு பன்னிரண்டரை முதல் இரண்டரை வரைதான்; அதன்பின் சமையலறை மூடிவிடும். மாலை ஏழரைக்கு முன் இரவு உணவு கிடைக்காது. சிற்றூர் மளிகைக் கடைகள் ஒரு மணி முதல் நான்கு மணி வரை பூட்டிக் கிடக்கும். ரொட்டி, தக்காளி, வாழைப்பழம், பருப்பு வகைகள் கொஞ்சம் எப்போதும் பையில் இருந்தால் எந்த நேரத்துக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை.

நாங்கள் சைவம். அதனால் சிரமப்பட்டோம் என்று சொல்ல முடியாது. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் உருட்டிய தடித்த இடியாப்பம் போன்ற பீச்சி என்ற பாஸ்தா சியெனாப் பக்கத்தின் உணவு. அதில் முட்டை கிடையாது. பூண்டும் தக்காளியும் சேர்த்த குழம்போடு தருகிறார்கள். பழைய ரொட்டி, வெள்ளைப் பயறு, கீரை போட்டுக் கொதிக்க வைக்கும் ரிபொல்லீத்தா வயிற்றை நிறைக்கும். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. வியர்த்து வந்த உடலுக்கு உப்பு வேண்டும் என்பதால் ஆலிவ் காய்களைச் சேர்த்துக்கொண்டோம். பெக்கொரினோ பாலாடைக்கட்டியை உறையவைக்கப் பொதுவாக விலங்கு நொதியைச் சேர்க்கிறார்கள்; அதைத் தவிர்ப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீருக்கு ஊர்ச் சதுக்கங்களில் குழாய் உண்டு. ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல. ஊரே இல்லாத வெட்டவெளியில் கல்லறைத் தோட்டத்தைத் தேடலாம். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும்; சைக்கிள்காரர்கள் எல்லோரும் அறிந்த வழி இது.

சியெனாவிலிருந்து தெற்கே செல்ல வியா காஸ்ஸியா என்ற நேர்ச்சாலை இருக்கிறது. லாரிகள் அதிகம் என்பதால் அதை விட்டுவிட்டு, அஷானோ வழியாகச் செல்லும் லவுரெத்தானா சாலையைத் தேர்ந்தெடுத்தோம். களிமண் குன்றுகளின் முதுகில் ஏறி இறங்கும் அந்தப் பாதையில் நிழல் என்பதே இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. அறுவடை முடிந்து உழுத வயல்கள் சாம்பலும் பழுப்புமாக அலையலையாக விரிந்து கிடந்தன. அஷானோவைத் தாண்டினால் 1313-இல் நிறுவப்பட்ட மொந்தே ஒலிவேத்தோ மஜ்ஜோரே மடம். அதன் உள்முற்றத்துச் சுவர் ஓவியங்களைப் பார்க்க ஒரு மணி நேரமாவது தேவை. காட்டு நிழலும் அங்கேதான் கிடைக்கிறது.

புவோன்கொன்வெந்தோவிலிருந்து மொந்தல்சீனோவுக்கு ஏறும் நாள்தான் கடினமானது. ஏறத்தாழ 150 மீட்டரிலிருந்து 564 மீட்டருக்கு ஏற வேண்டும். முழுக்க முழுக்கச் சாஞ்சொவேசேயில் செய்து, அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் ஜனவரியில்தான் விற்பனைக்கு வரும் புருனெல்லோ ஒயினின் ஊர் அது. விளைந்ததை விற்றுக் காசு பார்க்க அவ்வளவு காலம் காத்திருக்கும் உழவர்களை எண்ணி என் கணவர் வியந்துகொண்டே ஏறினார். மறுநாள் ஓட்டத்தைக் குறைத்து, சான் குவிரிக்கோ அருகில் உள்ள பாஞ்ஞோ விஞ்ஞோனியில் வெந்நீர் ஊற்றோடையில் கால்களை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சதுக்கத்தின் நடுவில் உள்ள பழைய குளத்தில் இறங்க அனுமதி இல்லை. ஊருக்குக் கீழே பாறைகளில் ஓடும் நீரில் கால் வைக்கலாம். பியென்ஸா, மொந்தேபுல்ச்சானோ இரண்டும் அங்கிருந்து எளிதான ஓட்டங்கள்.

திரும்புவதற்கு மொந்தேபுல்ச்சானோவிலிருந்து கியூசி ரயில் நிலையத்துக்கு இறங்கி, ஃபுளோரன்ஸ் செல்லும் வட்டார ரயிலில் ஏறினோம். சைக்கிள் படம் போட்ட பெட்டிகளில் மட்டுமே ஏற்றலாம். சைக்கிளுக்குத் தனியாக மூன்றரை யூரோ சீட்டு வாங்க வேண்டும். காகிதச் சீட்டானால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்தியாக வேண்டும். அதிவேக ரயில்களில் பிரித்துப் பைக்குள் கட்டிய சைக்கிளை மட்டுமே ஏற்றுவார்கள். பேட்டரி சைக்கிளைப் பெட்டியின் படிகளில் ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். முதலில் பைகளைக் கழற்றி உள்ளே வைத்து, பேட்டரியையும் தனியே எடுத்துவிட்டால் எடை நன்றாகக் குறையும். ரயில் நிற்கும் சில நிமிடங்களுக்குள் யார் மேலே நின்று இழுப்பது, யார் கீழிருந்து தூக்குவது என்பதை நடைமேடையிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு நாள் ஒதுக்க முடியாதவர்கள் மொந்தேபுல்ச்சானோவரை போக வேண்டியதில்லை. சியெனாவுக்கு ரயிலில் சென்று சைக்கிள் எடுத்துக்கொண்டு, ராட்டாவிலோ காயோலேயிலோ ஒரே வீட்டில் தங்கி, பைகளை அங்கேயே வைத்துவிட்டு, தினமும் ஒரு திசையில் சுற்றி வரலாம். ப்ரோலியோவுக்கு ஒரு நாள், பன்சானோவுக்கு ஒரு நாள். இருவரில் ஒருவருக்கு உடல் முடியாமல் போனால் அவர் அன்று வீட்டில் ஓய்வெடுக்க, மற்றவர் தனியே ஓட்டிவிட்டு வரலாம். ஊர் ஊராக நகரும் பயணத்தில் இந்த வசதி கிடைக்காது.